கயிற்றில் இருந்த தொய்வு

பழசு என்றால் எவ்வளவு பழசு, போன வருஷத்துப் பழசா, கல்யாணத்துக்கு முந்தைய பழசா, அதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டாளே, கேட்டிருக்க வேண்டும், ஆனால் அந்த எலும்பு டாக்டர் சொன்ன தோரணை அப்படி, யாரோ வீட்டு வரவேற்பறைச் சோபாவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது போல, அவள் வலது தோளில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, "விழுந்து கிழிஞ்சது இல்லம்மா இது, தேஞ்சு தேஞ்சு கிழிஞ்சது, பாருங்க, தசை சுருங்கி அந்த இடத்துல கொழுப்பு படிஞ்சிருக்கு, ஒரு நாள்ல ஆகற வேலையா இது, வருஷக்கணக்கா ஆகற வேலை" என்றார். "இல்ல டாக்டர், நான் பாறையிலேர்ந்து விழுந்தேன், அப்பத்தான் கிழிஞ்சுது, டப்புன்னு சத்தமே கேட்டுச்சு" என்று வகுப்பில் பென்சில் தொலைத்த பிள்ளை மாதிரி அவள் முறையிட்டாள், "கேட்டிருக்கும், கடைசி இழை போற சத்தம்" என்றார் அவர், அதோடு நிறுத்தியிருக்கலாம், மனிதர் நிறுத்தவில்லை, எதற்கும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம் என்று அந்தக் கருவியை இடது தோளுக்கு, ஒரு பாவமும் அறியாத, வலி என்றால் என்னவென்றே தெரியாத இடது தோளுக்கு நகர்த்தினார், நகர்த்திவிட்டு, "அட" என்றார். டாக்டர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், 'அட' என்று மட்டும் சொல்லக்கூடாது. "இதுலயும் கிழிசல் இருக்கே, வலிக்கலையா?" என்றார், இல்லை என்றாள், "அப்ப இருக்கட்டும்" என்றார். இருக்கட்டுமாம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கிவிட்ட தூரத்துச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போல, சாப்பிட்டுவிட்டு ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமாம்...

அந்த மருத்துவமனையில் யாருக்கும் பெயர் கிடையாது, கெட்டுப்போன உறுப்புதான் பெயர், 'முழங்கால் உள்ள வாங்க', 'இடுப்பு, உங்க செருப்பை அங்க விடுங்க' என்று கூப்பிடுவார்கள், வந்த புதிதில் அவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது, தன்னைப் போய் 'வலது தோள்' என்கிறார்களே என்று, ஊரில் பாதிப் பேரைச் சுவரில் ஏற்றிவிட்டவள், செயற்கைப் பாறைச் சுவரில் ஏறப் பழக்கும் ஏறுகூடத்தின் தலைமைப் பயிற்சியாளர், பின்னாலிருந்து பார்த்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போகிறாள் என்பதால் கூடத்தில் எல்லோரும் 'பல்லி' என்று கூப்பிடுவார்கள், அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை, வேறு எந்தப் பெண்ணைப் பல்லி என்று சொன்னாலும் செருப்பு பறக்கும், இவள் அதைச் சட்டையின் முதுகில் அச்சடித்துப் போட்டுக்கொண்டவள். அப்பேர்ப்பட்டவள் வலது தோளாகி, இதோ இன்றைக்கு, ஒரு 'அட'வில், இரண்டு தோளுமாகிவிட்டாள். பதவி உயர்வு. உடற்பயிற்சி அறைக்குப் போகும் வழியில் கண்ணாடிக் கதவு வழியாகக் காத்திருப்பு வரிசை தெரிந்தது, அங்கே அவன், அவள் கணவன், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், மடியில் அவள் பை, பையின் மேல் அவள் மேல்சட்டை மடித்து, மேல்சட்டையின் மேல் அவன் இரண்டு கைகள், காவல் காக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று அவள் வேகமாக நடந்தாள். ஏன் வேகமாக நடக்க வேண்டும், இவள் என்ன திருடியா, திருடி இல்லைதான், ஆனால் கால் நடந்துவிட்டது, கால் எப்போதும் அவளுக்கு முன்னால் முடிவெடுத்துவிடும், அதைத்தான் அவள் மாணவர்களிடம் 'பாதத்தின் ஞானம்' என்று சொல்வாள்.

'இன்னொரு தடவை' காத்திருந்தாள். பயிற்சி தரும் அந்த ஒல்லிப் பெண்ணுக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர் அது, எத்தனை முறை செய்தாலும், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவள் வாயிலிருந்து வருவது அந்த இரண்டு சொல்தான். பயிற்சி என்னவென்றால் சுவரின் முன்னால் நின்று, விரல்களைச் சுவரில் வைத்து, எறும்பு ஏறுவது மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும், எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடுவார்கள், அவ்வளவுதான், செங்குத்துப் பாறையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாழைப்பழம் உரித்துத் தின்றவள் (அதற்குப் படம் இருக்கிறது, கூடத்தின் வாசலிலேயே மாட்டியிருக்கிறது) இப்போது ஒரு சுண்ணாம்புச் சுவரில் தன் மூக்கு உயரத்துக்கு விரலை ஏற்றிவிட்டு மூச்சு வாங்குகிறாள். பக்கத்துச் சுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையுடையது, ஜன்னலுக்குத் திரை மாட்டப் போய்த் தோள் இறுகிப்போனவர், அவர் கோடு இவள் கோட்டைத் தாண்டிப் போய் வெகுநாளாகிறது, அதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தன் கோட்டையும் இவள் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவசரமே வேண்டாம்மா, எல்லாரும் ஒரே வேகத்துல போக முடியுமா" என்று மட்டும் சொல்வார், கடைசி பெஞ்சுப் பிள்ளைகளிடம் ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிய குரலில். இன்றைக்கு விரல் அந்தக் கோடு வரைக்கும்கூடப் போகவில்லை. "இடுப்பு ஏறுது, கை ஏறலயே" என்றாள் ஒல்லிப் பெண், "தோளை விட்டுட்டு உடம்பை வளைச்சு ஏத்தறீங்க, அது கணக்குல வராது, இன்னொரு தடவை." ஆமாம், அதுதானே அவள் தொழில், ஒரு இடம் முடியாது என்றால் இன்னொரு இடத்தை வைத்து ஏறிவிடுவது, தோள் வராவிட்டால் இடுப்பு, இடுப்பு வராவிட்டால் கால், எப்படியாவது மேலே, மேலே போய்விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்... அப்படித்தானோ, வருஷக்கணக்காக, அந்தத் தோள் வரவில்லை வரவில்லை என்று சொல்லச் சொல்ல இவள் இடுப்பை வளைத்து ஏறிக்கொண்டே இருந்திருக்கிறாளோ?

முதலில் பார்த்த டாக்டர் இதையெல்லாம் சொல்லவில்லை, 'கிழிஞ்சிருக்கு' என்றார், அவ்வளவுதான், எப்போது கிழிந்தது என்று அவர் யோசிக்க இவள் இடம் கொடுத்தால்தானே, கிழிந்த நாள், கிழிந்த இடம், கிழித்த ஆள் எல்லாம் இவளிடமே தயாராக இருந்தன. கிழித்த ஆள் கதவுக்கு வெளியே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு நடந்தது இதுதான்: அவள் பாறையின் நெற்றி மாதிரி முன்னால் துருத்திய பகுதியில் ஏறிக்கொண்டிருந்தாள், இடுப்பில் கட்டிய கயிறு கீழே இருந்த அவன் கைக்குப் போகிறது, ஏறுகிறவர் ஏற ஏறக் கயிறு பிடிக்கிறவர் கீழேயிருந்து தளர்த்திக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கொடுக்காமல் இறுக்கினால் மேலே இருப்பவரைப் பின்னால் இழுத்துவிடும், அவள் வலது கையை வீசி அடுத்த பிடியைத் தொட்ட அந்தக் கணத்தில் அவன் இறுக்கினான், இழுத்தது, டப், விழுந்தாள், கயிறு தாங்கியது. கயிற்றில் தொங்கிக்கொண்டே அவள் கத்திய முதல் வார்த்தை, "ஏன்டா இழுத்த!" அந்த 'டா' கல்யாணமான நாளிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. அதிலிருந்து கதை வளர ஆரம்பித்தது, அவசரப் பிரிவில் சொன்னபோது 'கொஞ்சம் இறுக்கிட்டார்' என்றிருந்தது, அவள் அம்மாவிடம் போனில் சொன்னபோது 'கவனிக்காம இழுத்துட்டார்' ஆனது, கூடத்தில் சொன்னபோது அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான், தலைமையாசிரியையிடம் சொன்னபோது அந்த 'வேறு எங்கோ'வில் ஒரு மரமும், மரத்தில் ஒரு பறவையும் வந்து உட்கார்ந்தன. பறவை எப்படி வந்தது? சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் வந்தது, பிறகு போகவே இல்லை, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் பக்கத்திலேயேதான் இருந்தான், பறவையைக் கேட்டுக்கூட அவன் மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான்" என்றான்.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா, சித்தி, பெரியம்மா, அத்தை என்று சொந்தம் முழுக்க ஒரு சுற்று போன் போட்டு, 'மாப்பிள்ளை கயித்தை விட்டுட்டாரு' என்று சொல்லிவிட்டாள், விடவில்லை அம்மா, இறுக்கினார் என்று இவள் திருத்தினாள், 'ரெண்டும் ஒண்ணுதான், புடிக்கத் தெரியாதவன் எதுக்குப் புடிக்கணும்' என்றாள் அம்மா. அவன் பக்கமும் குறைச்சலில்லை, அவன் அண்ணி வீட்டுக்கு வந்து, இவளைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, அவனைப் பார்த்து, "உன்னை நம்பி ஒருத்தி மேல தொங்கறா, நீ ஊரை வேடிக்கை பார்த்துட்டு நின்னியா? பல்லு செய்யற வேலையோட நிறுத்திக்க வேண்டியதுதானே" என்றாள். அவன் பல் ஆய்வகத்தில் செயற்கைப் பல் செய்கிறவன், ஊசிமுனை அளவு உயர்ந்தாலும் வாய் மூடாது என்று மணிக்கணக்கில் ஒரே பல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பான், அப்படிப்பட்ட கை எப்படி இறுக்கும் என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருக்கலாம் இல்லையா, யாரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அவன் பாட்டுக்கு அண்ணிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து அவள் தலைக்குக் குளிப்பாட்டுவது, சட்டைக்குப் பொத்தான் போடுவது, பின்னல் போடுவது எல்லாம் அவன்தான், பின்னலை ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தான், முதல் நாள் போட்ட பின்னல் எலி கடித்த கயிறு மாதிரி இருந்தது, இப்போது அவள் தானே போட்டுக்கொள்வதைவிட நன்றாக இருக்கிறது. தானே போட்டுக்கொள்ள முடியுமா என்று அவள் கொஞ்ச நாளாக முயற்சி செய்து பார்க்கவில்லை. முடியும் என்று நினைக்கிறாள்.

"கையைத் தொங்கப் போடுங்க, மூச்சு விடுங்க, இன்னொரு தடவை." வலிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள், "நல்ல வலிதான்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள், "வலியில என்னம்மா நல்லது கெட்டது, அது என்ன மாப்பிள்ளையா" என்று பக்கத்துச் சுவரிலிருந்து தலைமையாசிரியை சிரித்தார். நல்ல வலி, கெட்ட வலி என்று பிரித்தவளே இவள்தானே, கம்பெனிகளிலிருந்து தொப்பையும் கழுத்துப்பட்டையுமாக வருகிறவர்களை உட்கார வைத்து, விளக்கைக் குறைத்து, 'உடம்பு பேசிக்கொண்டே இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை' என்று ஆரம்பித்து ஒரு உரை ஆற்றுவாள், அதில் இரண்டு இடத்தில் கண்ணை மூடுவாள், முடிந்ததும் யாராவது ஒரு மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். உடம்பு பேசியதா? பேசியதே, நன்றாகப் பேசியது, இப்போது நினைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, அலமாரியின் மேல் தட்டிலிருந்து குக்கரை எடுக்க முடியாமல் அவனைக் கூப்பிட்ட நாள், வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் சுவர்ப் பக்கத்து இடத்தை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்ட நாள், காற்று வேண்டும் என்று காரணம் சொன்னாள், சுவர்ப் பக்கம் என்ன காற்று, பிடி வழுக்காமல் கைக்கு வெள்ளைத் தூள் போட்டுக்கொள்ளும் பையிலேயே வலி மாத்திரையும் போட்டு வைத்து, மாத்திரை எல்லாம் தூள் அப்பி எது மாத்திரை எது தூள் கட்டி என்று தெரியாமல் ஒருமுறை தூள் கட்டியை விழுங்கினாளே... அந்த மாத்திரை எப்போது? பாறைக்குப் போவதற்கு முன்னால். வெகு முன்னால். கல்யாணத்துக்கும் முன்னால், ஐயோ, அவனைப் பார்ப்பதற்கும் முன்னால். அப்படியானால் அவன் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே கிழிய ஆரம்பித்த ஒன்றுக்கு அவன் இத்தனை நாளாகத் தலைகுனிந்து பின்னல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சரி, ஆனால் கடைசி இழை, டாக்டரே சொன்னார் இல்லையா, கடைசி இழை போற சத்தம் என்று, அந்தக் கடைசி இழையை அறுத்தது அவன்தானே, இழுத்தது இழுத்ததுதானே, எவ்வளவு தேய்ந்திருந்தால் என்ன, இழுக்காவிட்டால் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு இருந்திருக்கும்... இந்த யோசனை வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, வந்த மூச்சைப் பார்த்து அவளுக்கே திடுக்கென்றது, என்ன இது, நான் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா, அவன் குற்றவாளியாக இருந்தாக வேண்டும் என்று எனக்கு என்ன இவ்வளவு அவசியம்? அவசியம் இருந்தது. இன்று சாயங்காலம் வகுப்பு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கயிறு பிடிக்கும் பாதுகாப்பு வகுப்பு, முன்பெல்லாம் அந்த வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், விபத்துக்கு அப்புறம் அவள் அதற்கு ஒரு புதிய ஆரம்பம் வைத்திருந்தாள், கையைக் கழுத்துத் தூளியில் மாட்டிக்கொண்டு மேடையேறி, ஒரு நிமிஷம் பேசாமல் நின்று, 'ஒரு கணத்தின் கவனக்குறைவு' என்பாள், பிறகு, "அன்னிக்குக் கயிறு பிடிச்சவர் இங்கதான் இருக்கார், கையைத் தூக்குங்க" என்பாள், சுவர் ஓரமாக நிற்கும் அவன் கையைத் தூக்குவான், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், 'இவர் என் கணவர்' என்று ஒரு இடைவெளி விட்டுச் சொல்வாள், கூடம் அப்படியே உறைந்துபோகும், கொட்டாவியே கிடையாது. வகுப்பு அவ்வளவு நன்றாகப் போனது, வேறு ஊர்க் கூடங்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள், அவனும் ஆய்வகத்தில் விடுப்பு போட்டுவிட்டு வந்தான், கையைத் தூக்குவதற்கு. முதல் தடவை மட்டும் வீட்டுக்கு வரும் வழியில், "கையை முழுசா தூக்கணுமா, பாதி தூக்கினா போதுமா?" என்று கேட்டான், அவள் யோசித்துவிட்டு, முழுசா, பின்வரிசைக்குத் தெரியணும் என்றாள். அவளால் தூக்க முடியாத கையை அவன் தூக்கினான்.

தலைமையாசிரியையின் விரல் கோட்டைத் தாண்டிவிட்டது, புதுக் கோடு போட்டார்கள், அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தார், "டாக்டர் என்னம்மா சொன்னாரு, முகமே சரியில்லையே" என்றார், ஒன்றுமில்லை டீச்சர் என்றாள், "ஒண்ணுமில்லன்னா இப்படி வேர்க்குமா? வீட்டுக்காரர் அன்னிக்குக் கொஞ்சம் நிதானமா இருந்திருந்தா உனக்கு இந்தச் சுவர் எதுக்கு, பாவம், அவரும் நல்ல மனுஷன்தான், பறவை பார்க்கறது ஒரு வியாதி, என் தம்பிக்கும் இருக்கு" என்றார். பறவை இல்லை டீச்சர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், வந்தது, "ஆமா டீச்சர்." வந்துவிட்டது. உண்மை தெரிந்த பிறகு சொன்ன முதல் பொய், இதற்கு முன்னால் சொன்னதையெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது, நம்பித்தான் சொன்னாள், இது அப்படியில்லை, இது சுத்தமான பொய், எவ்வளவு சுலபமாக, இடுப்பைக் கொஞ்சம் வளைத்து... "இன்னிக்குப் போதும்" என்றாள் ஒல்லிப் பெண், இத்தனை நாளில் முதல்முறையாக அப்படிச் சொல்கிறாள், அப்படியானால் தன் முகம் எப்படி இருக்கிறதோ.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் எழுந்தான், மேல்சட்டையை உதறி, வலது கையின் துளையை முதலில் நீட்டினான், கெட்ட கை முன்னால், நல்ல கை பின்னால், அதுதான் முறை, இனிமேல் எது கெட்டது எது நல்லது? "டாக்டர் என்ன சொன்னாரு, கோச்?" என்றான். அவள் கூடத்தில் மாணவனாகச் சேர்ந்தவன், அப்போது நீங்க, கல்யாணத்துக்குப் பிறகு நீ வந்துவிட்டது, கோச் மட்டும் போகவில்லை, படுக்கையறையில்கூடக் கோச்தான். "பழசாம்" என்றாள். "எது?" "கிழிசல். வருஷக்கணக்கா இருக்காம். விழுந்ததால வந்தது இல்லையாம். இந்தத் தோள்லயும் இருக்காம்." அவன் இவளுக்காகப் பதறுவான் என்று எதிர்பார்த்தாள், பதறினான், "ரெண்டுலயுமா? ஐயோ, அப்ப தூங்கறது எப்படி?" என்று பதறினான், தன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, தன் தலையிலிருந்து ஒரு பாறை இறங்கியதே அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, எதிரே ஒரு முழங்கால் ஊன்றுகோலோடு நொண்டி நொண்டிப் போனது, அது போகும் வரை காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள், ஏன் கேட்டாள், கடைசி இழைக்காகத்தான் கேட்டாள், அது ஒன்றாவது மிஞ்சுமா என்று, "அன்னிக்கு நீ இழுத்தியா?"

அவன் சட்டைத் துளையைப் பிடித்தபடி நின்றான். "இழுத்தேன்னு நீதானே சொன்ன." "நான் சொன்னது இருக்கட்டும், உன் கைக்கு என்ன தெரிஞ்சுது?" கொஞ்ச நேரம் அவன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான், அதில் ஏதோ தேய்க்க வேண்டியது இருப்பது போல. "கயிறு லூஸா தான் இருந்துது. என் முன்னாடி தொங்கிட்டு இருந்துது, முட்டி வரைக்கும், நீ அடுத்த பிடிக்குப் போகப்போறன்னு நிறையவே குடுத்து வச்சிருந்தேன். நீ விழுந்தப்புறம்தான் கயிறு மேல போச்சு, அப்புறம்தான் பாரம் வந்துது." "அப்ப நீ இழுக்கவே இல்ல." "இழுத்த மாதிரி எனக்குத் தோணல." "தோணலன்னா ஏன் சொல்லல? இத்தனை நாளா! எங்கம்மா பேசினாங்க, உங்க அண்ணி பேசினாங்க, நான்... நான் உன்னைக் கையைத் தூக்க வச்சேன்!" குரல் உயர்ந்ததில் வரிசையில் இருந்த இடுப்புகளும் கழுத்துகளும் திரும்ப முடிந்த அளவுக்குத் திரும்பின. அவன் வெட்கத்தோடு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ கோச். நீ மேல இருந்த, உனக்குத் தெரியும். நான் கண்ணால பார்த்தது தொய்வுதான், ஆனா நான் இழுத்தேன்னு நீ சொன்னதும், சரி, எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் சொல்லச் சொல்ல எனக்கே இழுத்த ஞாபகம் வந்துடுச்சு" என்றான், "பறவைகூட ஞாபகம் இருக்கு, மஞ்சளா ஒண்ணு" என்றான்.

மஞ்சளா. அவள் நிறம் சொன்னதே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள், சுவர் குளிர்ந்திருந்தது, அவன், "உட்காரு, உட்காரு, தண்ணி குடிக்கறியா" என்று பையைத் திறந்தான். இன்னிக்கு கிளாஸுக்கு நீ வர வேண்டாம் என்றாள், "ஏன், நான் வரலன்னா யாரைக் காட்டுவ?" என்று அவன் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டான், என்னையே காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லலாம், சொன்னால் அது இன்னொரு நல்ல உரையாகிவிடும், இரண்டு இடத்தில் கண்ணை மூடலாம், சீ. பாட்டிலை அவளே வாங்கி, இடது கையால், அந்த ஒரு பாவமும் அறியாத கையால் மூடியைத் திருகி அவனிடம் கொடுத்தாள். வேறு என்னவெல்லாம்? இவள் சொல்லி, இவன் சரி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டது வேறு என்னவெல்லாம் இருக்கிறது இந்த ஆளுக்குள்ளே? கூடத்துக்கு வந்த முதல் வாரம், அவன் சுவரில் பாதிக்கு மேல் போய்விட்டான், போய் அங்கே நின்று கீழே பார்த்தான், கால் கொஞ்சம் ஆடியது, சிரித்தானா, பல்லைக் கடித்தானா, ஏதோ ஒன்று, கீழேயிருந்து இவள், "உங்களுக்கு உயரம்னா பயம், இறங்குங்க, நீங்க கயிறு பிடிங்க, கயிறு பிடிக்கறவங்கதான் இங்க குறைச்சல்" என்றாள், அவன் இறங்கினான், அதிலிருந்து கீழேதான் நிற்கிறான், இத்தனை வருஷமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு. கயிறு பிடிக்க ஆள் குறைச்சலாக இருந்தது அன்றைக்கு. அது ஞாபகம் இருக்கிறது. அவன் பயந்தது ஞாபகம் இருக்கிறதா?

"உனக்கு உயரம்னா பயமா?" என்று கேட்டாள். அவன் பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான், நேர்மையாக, நிதானமாக, ஒரு பல்லைத் தேய்த்துப் பார்ப்பது போல யோசித்தான், "தெரியலையே கோச்" என்றான், "பயம்தான்னு நினைக்கறேன்." பயப்படுகிறவர்களை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறவள் என்று அவளுக்குப் பெயர், அந்தப் பார்வையால் அவன் முகத்தைப் பார்த்தாள், நெற்றியை, கண்ணை, உதட்டோரத்தை, அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று அவன் அசையாமல் காட்டிக்கொண்டு நின்றான், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, இந்த முகத்தை அவள் பெரும்பாலும் மேலிருந்துதான் பார்த்திருக்கிறாள்...